சாலமனுக்கு வைத்த தட்டு

விடுதிப் பள்ளிகளுக்குப் பிடித்துச் செல்லப்பட்டு மீளாத பூர்வகுடிப் பிள்ளைகளை நினைக்கும் நாள் அது. பள்ளியெங்கும் அந்நினைவுக்கான ஆரஞ்சுச் சட்டைகள். நான்காம் வகுப்பு ஆசிரியை வெர்னா, கிரீ என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவள், ஜன்னலோரம் ஒரு தட்டு வைத்தாள். பானக் ரொட்டி, மூஸ் மான் இறைச்சி, காட்டுப்பழக் கூழ்.

“யாருக்கு மிஸ்?”

“எங்க சித்தப்பா சாலமனுக்கு. ஏழு வயசுல கொண்டுபோனாங்க. எங்க புதைச்சாங்கன்னுகூடச் சொல்லல. செத்துப்போனவங்களுக்குத்தான் நாங்க முதல்ல பரிமாறுவோம். சாயங்காலம் எங்கப்பா இதைப் பத்திக் கேட்பார்.”

“ஏழா? என் தம்பி வயசு மிஸ். அவனுக்கு மூக்குகூடச் சிந்தத் தெரியாது” என்றான் ஓவன். வகுப்பு சிரித்தது, பிறகு தானாகவே அடங்கியது.

அறுபது ஆண்டுகள் தம்பி சாலமனின் பெயரை நாவில் ஏற்றாத வெர்னாவின் தந்தை, நேற்றுத்தான் தட்டு வைக்க இசைந்தார். “உன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரப் பிள்ளைங்க கண்ணு முன்னாடியே அவனுக்குச் சோறு போடு. பார்த்துட்டு வந்து சொல்லு.”

மணி அடித்தது. அரங்கில் தலைமையாசிரியர், இந்த மண் கிரீ மக்களின் மண் என்று ஏட்டைப் பார்த்து வாசித்தார். அனைவரும் கைதட்டினர்.

திரும்பும் வழியில் துணைத் தலைமையாசிரியை ஹால்வர்சன் எதிர்ப்பட்டாள். “வெர்னா, கோவிச்சுக்காதீங்க. ஜன்னல்ல சாப்பாடு கிடந்துச்சு. வெளிச்சாப்பாடு வகுப்புல கூடாதுன்னு தெரியும்ல, அலர்ஜிப் பிள்ளைங்க இருக்கு. குப்பையில போட்டுட்டேன். தட்டைக் கழுவி அங்கயே வச்சிருக்கேன். பேச்சு என்ன உருக்கம், இல்ல?”

வெர்னாவின் கையைப் பற்றியிருந்த கெய்ராவின் விரல்கள் இறுகின. அவ்வகுப்பின் ஒரே கிரீச் சிறுமி அவள்.

முன்னே ஓடிய பிள்ளைகள் கூவினர். “மிஸ்! சாலமன் வந்துட்டான்! தட்டையே நக்கித் துடைச்சுட்டான்!”

“எவ்வளவு பசியோ பாவம்!”

வாய் திறந்தாள் வெர்னா. உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் அழுதுகொண்டே வீடு போவார்கள், மாலைக்குள் பெற்றோரின் புகார்கள் குவியும்; அடுத்த ஆண்டு சாலமன் பெயரைச் சொல்லக்கூட இடமிராது. இருபத்து நான்கு முகங்களும் ஒளிர்ந்து நின்றன.

“ஆமா. சாப்பிட்டுட்டான்.”

கைதட்டல் எழுந்தது. கெய்ரா மட்டும் தட்டவில்லை. அருகே வந்து, பிறர் கேளாதபடி கேட்டாள். “உங்கப்பா கேட்டா என்ன சொல்லுவீங்க மிஸ்?”

வெர்னா கழுவிய தட்டைப் பைக்குள் வைத்தாள்.

“இதையேதான்.”