படகில் எண்பத்தாறு பேர்

படகு கரையை விட்டு விலகி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேசைக்கு அடியில் தாழ்ப்பாளின் இடது கால் ஆடத் தொடங்கிவிட்டது. சாதாரண ஆட்டம் இல்லை. தண்ணீர்க் குவளைகள் கிணுகிணுத்தன, உப்புக் குப்பி ஊர்ந்துபோய் மிளகுக் குப்பியை இடித்தது, பக்கத்து மேசைப் பெரியவர் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் குனிந்து தரையைப் பார்த்தார். மணி சரியாக ஆறு.

"கால்," என்றாள் மனைவி, சாப்பாட்டு அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இடது கால் நின்றது. வலது கால் ஆரம்பித்தது.

தாழ்ப்பாள் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சிறைச்சாலையில் முப்பத்து மூன்று வருடம் காவலராக இருந்ததில், பூட்டுக்கு உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் சேர்ந்து வைத்தது. அந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயமும் அதுதான். மாலை ஆறு மணி என்றால் அங்கே எண்ணிக்கை. எல்லோரையும் இரண்டிரண்டாக உட்கார வைத்து, தலை தலையாக எண்ணி, பலகையில் எழுதியிருக்கும் எண்ணோடு பொருந்தினால்தான் சோறு, தூக்கம், வீடு எல்லாம். பொருந்தாவிட்டால் சூரியன்கூட மேற்கே மறையாமல் காத்திருக்க வேண்டியதுதான். அவர் எண்ணிக்கையில் ஒரு தலையும் குறைந்ததில்லை. ஒரே ஒரு முறை ஒன்று கூடியது. காய்கறி மூட்டை இறக்க வந்த மனிதர் தெரியாத்தனமாக வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திரும்ப வெளியே அனுப்புவதற்கு மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது என்பார்கள்.

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் உடம்புக்குச் சேதி போய்ச் சேரவில்லை. ஆறு அடித்தால் குட்டி போட்ட பூனைதான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார், பின்கதவை இழுத்துப் பார்ப்பார், ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்ப்பார், கடைசியில் நடுக்கூடத்தில் நின்று, "எங்க இருக்க?" என்பார். மனைவி எங்கிருந்தாலும், "இருக்கேன்," என்பாள். அப்புறம்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

சுற்றுலா வந்த இந்த ஒன்பது நாளில் அவர் செய்தது கொஞ்சமா நஞ்சமா? பேருந்தில் ஏறும் ஒவ்வொருவர் தலையையும் விரலால் தொடாத குறையாக எண்ணினார். அருங்காட்சியக வாசலில் தம் குழுவை மட்டுமல்ல, முன்பின் தெரியாத இன்னொரு குழுவையும் இரண்டிரண்டாக நிறுத்தினார். அவர்களும் பயந்துபோய் நின்றார்கள். விடுதியறையின் ஜன்னலில் கம்பி இல்லை என்று வரவேற்பில் போய்ப் புகார் சொன்னார். "உள்ள இருக்கறவங்க வெளிய போயிட்டா யார் பொறுப்பு?" என்று கேட்டதற்கு அங்கிருந்த பெண் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம்.

அன்று மத்தியானம் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, புடவையை மடித்தபடியே சொல்லிவிட்டாள்.

"அடுத்த மாசம் அக்கா மலைப்பக்கம் போறா. இருபத்தோரு நாள். நாளைக்குக் காலைல பேர் குடுக்கணும்."

"குடுத்துரு. ரெண்டு பேர்."

"அது இன்னிக்கி சாயங்காலம்தான் தெரியும். படகுல ரெண்டு மணி நேரம். பாட்டு, வித்தை, சாப்பாடு. நாற்காலிய விட்டு ஒருதரம்கூட எழுந்திருக்காம மனுஷனா உக்காந்திருந்தீங்கன்னா ரெண்டு பேர். எழுந்திருச்சீங்கன்னா நானும் அக்காவும்."

"பாத்ரூம் வந்தா?"

"இப்பவே போயிட்டு வாங்க."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கவலை இருந்திருக்காது. முப்பத்தாறு வருடத்தில் அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அவர் கேட்டதில்லை. தனி வீட்டில் இருபத்தோரு ஆறு மணிகள். நடுக்கூடத்தில் நின்று யாரைக் கூப்பிடுவது? அதனால்தான் இப்போது இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏறும்போது எண்ணுனீங்களா?" என்றாள்.

"இல்ல."

"எத்தனை?"

"எண்பத்தாறு."

"உங்களையும் சேத்தா?"

"முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல என்னை நான் விட்டதே இல்ல."

அவள் சிரிப்பை அட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆற்றங்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. மேடையில் ஒருவர் அக்கார்டியன் பெட்டியை நெஞ்சோடு அணைத்து இழுத்து இழுத்து வாசிக்க, பளபளக்கும் சட்டை போட்ட பாடகர் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பெண்களின் கண்ணைப் பார்த்துப் பாடினார். தாழ்ப்பாளின் மேசைக்கு வந்தவர் அவர் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வரியை அடுத்த மேசையில் பாடினார்.

பிறகு வித்தைக்காரர் வந்தார். உருண்டையான மனிதர், மையடித்த மீசை, பேச ஆரம்பித்தால் மூச்சு விடுவதே கிடையாது. அவர் பின்னால் பீரோ உயரத்தில் ஒரு சிவப்புப் பெட்டி. தம்முடைய உதவியாளருக்குக் காய்ச்சல் என்றும், மறைந்துபோக மனமுள்ளவர் யாராவது உண்டா என்றும் கேட்டார். கேள்வியின் கடைசிச் சொல் அவர் வாயை விட்டு வெளியே வரும் முன்பே தாழ்ப்பாளின் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. துணி உலர்த்தும்போது தவிர அந்தக் கை அவ்வளவு உயரம் போய் அவர் பார்த்ததில்லை.

"ஐயா, அம்மாவைக் கொஞ்சம் இரவல் வாங்கிக்கலாமா?" என்றார் வித்தைக்காரர்.

"அவர்கிட்ட என்ன கேக்கறீங்க. உள்ள போறது நான்தானே," என்றாள் மனைவி. படகே சிரித்தது. பெட்டிக்குள் காலை வைக்கும்போது திரும்பி அவரைப் பார்த்து ஒற்றை விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள். உட்காருங்க.

அவர் உட்கார்ந்திருந்தார். ஆனால் கண்ணுக்கு யார் விலங்கு போடுவது? பெட்டிக் கதவில் இரண்டே திருகாணியில் தொங்கும் தாழ். பின்பலகையில் மேலிருந்து கீழ்வரை ஒரு மயிரிழை இடைவெளி. பின்னால் திரை, திரைக்குப் பின்னால் கீழே போகும் படிக்கட்டு. தப்பிப்போவதற்கு இதைவிட வசதியாக ஒரு அறையை யாரும் கட்டித்தர முடியாது. வித்தைக்காரர் மூன்று முறை பெட்டியைச் சுற்றினார்.

"இருக்கீங்களா அம்மா?"

"இருக்கேன்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

துணியை உதறினார். கதவைத் திறந்தார். பெட்டி காலி. எண்பத்தைந்து பேரில் எண்பத்து நான்கு பேர் கைதட்டினார்கள்.

"போனவங்க திரும்பி வரணும்னா எல்லாரும் தட்டுல மிச்சம் வைக்காம சாப்பிடணும்," என்று சொல்லி வித்தைக்காரர் திரைக்குப் பின்னால் போய்விட்டார். பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

பரிமாறும் அம்மாள் இரண்டு சூப் கிண்ணங்களோடு வந்து காலி நாற்காலியைப் பார்த்தாள். "மேடம் எங்க சார்?"

"காணாமப் போயிருக்காங்க."

"அப்ப மீன் ஒண்ணு போதுமா?"

"ரெண்டு. வந்துருவாங்க."

முள் மேல் உட்கார்ந்திருப்பது என்பார்களே, முள்ளாக இருந்தால் எவ்வளவோ தேவலை. எண்ணினார்: எண்பத்தைந்து. கரண்டியின் பின்புறத்தில் தெரிந்த தலைகீழ்த் தலைகளை எண்ணினார்: எண்பத்தைந்து. கைக்குட்டையைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் செருப்புகளை எண்ணி இரண்டால் வகுத்தார். அதே எண். சூப் ஆறி, மேலே ஆடை படிந்து, அந்த ஆடையும் காய்ந்தது. மீன் வந்தது. அவளுடைய தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்தார். நடு மேசையில் யாருக்கோ பிறந்தநாள் என்று எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். எழுந்திருக்காத ஒரே மனிதரை ஒரு சின்னப்பெண் கோபமாக முறைத்தாள்.

வித்தைக்காரர் ஒருவழியாகத் திரும்பி வந்தார். மூன்று சுற்று. துணி.

"இருக்கீங்களா அம்மா?"

பதில் இல்லை.

இன்னொரு தரம் கேட்டார். கதவைத் திறந்தார். காலி. சனங்கள் இதுவும் வித்தைதான் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். வித்தைக்காரரும் சிரித்தார், ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைத் தாழ்ப்பாளுக்குத் தெரியும். பலகையில் ஒரு எண்ணும் முற்றத்தில் ஒரு எண்ணுமாக நிற்கும் புது அதிகாரியின் முகம் அது.

வித்தைக்காரர் சீட்டுக்கட்டைப் பிரித்தபடி மேசை மேசையாக வந்து, தாழ்ப்பாளின் காதிலிருந்து ஒரு சீட்டை எடுப்பதுபோலக் குனிந்தார். "ஐயா, பதறாதீங்க. அம்மாவைக் கீழ சமையல்கட்டு ஓரமா ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருந்தோம். இப்ப அங்க இல்ல."

"எவ்வளவு நேரமா?"

"தெரியலைங்க. படகுக்குள்ளதானே. எங்க போயிருவாங்க?"

கேட்டுவிட்டு அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். தாழ்ப்பாளும் பார்த்தார். வெளியே கறுத்துக்கொண்டு வரும் தண்ணீர் மட்டும் இருந்தது.

நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு, அவள் போன அதே வழியில் படியிறங்கினார். சமையல்கட்டில் ஆவி. ஸ்டூல் இருந்தது. ஸ்டூலுக்குக் கீழே அவளுடைய செருப்புகள், ஒன்றை ஒன்று ஒட்டி, ஒழுங்காக. சமையல்காரர் பக்கம் திரும்பினார்.

"ஒரு அம்மா."

"காத்து வாங்கப் போறேன்னாங்க," என்று சமையல்காரர் கரண்டியால் பின்பக்கக் கதவைக் காட்டினார்.

கதவைத் திறந்ததும் இன்ஜின் இரைச்சல் முகத்தில் அறைந்தது. படகின் வால்முனை. ஆறு காலடி தூரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அவள் நின்றிருந்தாள். முடிச்சு அவிழ்ந்து கூந்தல் காற்றில் பறந்தது. படகு கிளப்பிய தூவானம் அவள் மேல் வந்து விழுந்துகொண்டே இருந்தது; அவள் நகரவில்லை. பக்கவாட்டில் தாடை அசைவது தெரிந்தது. முதலில் அழுகிறாளோ என்று நினைத்தார். இல்லை, பாடிக்கொண்டிருந்தாள். வாயை அகலத் திறந்து, தலையை ஆட்டி, தொண்டை நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இன்ஜின் விழுங்கிக்கொண்டிருந்தது. அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது.

'எங்க இருக்க' என்பது தொண்டை வரை வந்துவிட்டது.

காவலர் குடியிருப்பு சிறையின் வெளிமதிலுக்கு உள்ளேதான் இருந்தது. பால் வாங்கப் போனாலும் வாசலில் எழுதிவிட்டுப் போக வேண்டும்: போன நேரம், வந்த நேரம். ஒருநாள் அவள் பதினோரு நிமிடம் தாமதமாக வந்தாள். வாசல் காவலர் அதை வேலை நேரத்தில் அவரிடம் சொல்ல, அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் கேட்டார், பதினோரு நிமிஷம் எங்க போன என்று. என்ன பதில் சொன்னாள் என்று யோசித்தார். ஏதாவது சொல்லியிருப்பாள். பதினோரு நிமிடம் மட்டும் அப்படியே ஞாபகம் இருந்தது.

தூவானம் அவர் தோளிலும் கையிலும் வாரியடித்தது. அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். காவலராகச் சேர்ந்த நாளிலிருந்து சத்தமில்லாமல் அவர் சாத்திய முதல் கதவு அதுவாகத்தான் இருக்கும்.

மேலே வித்தைக்காரர் ஏழாவது புறாவை வெளியே எடுத்துவிட்டு, எட்டாவது இல்லாமல் திணறிக்கொண்டிருந்தார். ஓடி வந்தார். "ஐயா?"

"எண்பத்தாறு. சரியா இருக்கு."

"அம்மாவப் பாத்துட்டீங்களா? கூட்டிட்டு வரலியா?"

"சரியா இருக்குன்னா இருக்கு. நீங்க அடுத்த வித்தையப் போடுங்க."

இடத்தில் இல்லாத தலையை இருப்பதாகச் சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, அந்தச் சின்னப்பெண்ணைத் தவிர. அவளைப் பார்த்து, சொல்லிவிடாதே என்பதுபோல உதட்டில் விரல் வைத்தார். படகு திரும்பியது. கரை விளக்குகள் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் வந்தன. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் ஆற்றின் இரண்டு கரைகளையும் கைகாட்டியிருப்பார். படிக்கட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, நினைத்த வேகத்தில் பதினெட்டு தடவை பார்த்தார்.

பத்தொன்பதாவது தடவை அவள் வந்துகொண்டிருந்தாள். திரை வழியாக இல்லை, எல்லோரும் வரும் சாதாரணப் படி வழியாக, செருப்பு போட்டுக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு. வித்தைக்காரர் பார்த்துவிட்டார். "இதோ," என்று கையை நீட்டி அவர் போட்ட கூச்சலில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவள் கூச்சமில்லாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மூடியிருந்த தட்டைத் திறந்து பார்த்தாள்.

"எழுந்திருச்சீங்களா?"

"இல்ல."

"நாற்காலிய விட்டு?"

"இங்கதான் இருந்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ?"

"பெட்டிக்குள்ளதான். வேற எங்க போறது."

அவளுடைய காதோரத்து முடியிலிருந்து ஒரு சொட்டு மேசை விரிப்பில் விழுந்தது. அவள் மீனிலிருந்து முள்ளை எடுக்க ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றது. அவருடைய சட்டையின் தோள் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கைமடிப்பின் ஓரத்தில் திரண்டு நின்ற தண்ணீர் விரிப்பில் இறங்கி, அவர் கைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம் பரவியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எட்டாவது புறாவைத் தேடுகிறவர்போல.

அவள் தன் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அந்த ஈரத்தின் மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.