செலினா பிடித்திருந்த குடை

ஞாயிறு பூசையில் நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்ளும் இடம் வந்ததும், "நம் பங்கைச் சேர்ந்த நாவலாசிரியர் குருவிளா விரைவில் குணமடைய மன்றாடுவோம்" என்றார் பங்குத்தந்தை. கடைசி வரிசையில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்த குருவிளாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக இருமி வைத்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி அச்சம்மா பார்த்த பார்வை நோயாளியைப் பார்க்கிற பார்வையாக இல்லை.

இருமல், காய்ச்சல் எதுவும் அவருக்குக் கிடையாது. வந்திருந்ததெல்லாம் அந்த வார இதழில் கட்டம் கட்டிய ஒரு அறிவிப்புதான். தொடர்கதை எழுதுகிறவர் அத்தியாயம் தரத் தவறினால், 'ஆசிரியர் சுகவீனம் காரணமாக இந்த வாரம் தொடர் இடம்பெறவில்லை' என்று போடுவது கோட்டயத்து இதழ்களின் வழக்கம். எழுத வரவில்லை என்று எந்த இதழும் போட்டதில்லை. வாசகர்கள் அதை நம்பினார்கள். வெள்ளிக்கிழமை இதழ் கடைக்கு வந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் புட்டியுமாக ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்கள்: தொடரின் கதாநாயகி செலினா கன்னியர் மடத்துக்குப் போவாளா, காதலன் டோமிக்காகக் காத்திருப்பாளா?

அது தெரிந்திருந்தால் குருவிளா ஏன் படுத்துக்கொள்ளப் போகிறார்?

தினமும் விடியற்காலையில் எழுந்து, பால் விடாத கட்டங்காப்பி குடித்து, மேசையில் தாளை விரித்து உட்காருவதில் அவர் குறை வைக்கவில்லை. உட்கார்ந்தவுடன் அந்தக் கேள்வியை எடுத்து எதிரே வைப்பார். மடமா, டோமியா? இரண்டில் எதைத் தொட்டாலும் மற்றது வந்து குறுக்கே நிற்கும். காப்பி ஆறிப்போகும். தாள் வெள்ளையாகவே இருக்கும்.

இதழாசிரியர் பௌலோஸ் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கட்டம் ஒரு தடவைதான் குருவிளா. ரெண்டாவது தடவை போட்டா ஜனங்க மலர்வளையத்தோட வந்துடுவாங்க. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள அத்தியாயம் வரணும். இல்லேன்னா மிச்சத்தை பேபிச்சன் எழுதுவான்."

பேபிச்சன் அடுத்தவர்கள் பாதியில் விட்ட தொடர்களை முடித்துக் கொடுப்பவர். வேகமானவர். அவர் கைக்குப் போன கதாநாயகி எவளும் மீனச்சில் ஆற்றைத் தாண்டியதில்லை. சரியாக மூன்றாவது வாரம் ஆற்றில் விழுந்துவிடுவாள். செலினாவின் வீடோ படகுத்துறையை ஒட்டியே இருந்தது. பேபிச்சனுக்கு மூன்று வாரம்கூடத் தேவைப்படாது.

பூசை முடிந்ததும் குருவிளா வீட்டுக்குப் போகவில்லை. முன்னறையில் ஆரஞ்சுகளோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நேராக வாசவன் வீட்டுக்கு நடந்தார். தொடருக்குப் படம் வரைகிறவர் வாசவன்.

இங்கே அந்த இதழ் தயாராகும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. படம் வரும் பக்கங்கள் இரண்டு நிறத்தில் ஓட வேண்டியவை. ஒரு நிறம் ஓடிக் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். அதனால் அவை சனிக்கிழமையே அச்சாகிவிடும். வெறும் எழுத்துப் பக்கங்கள் செவ்வாய்க்கிழமைதான் ஓடும். ஆக, படம் முதலில் பிறக்கும், கதை பிறகு. குருவிளா வாராவாரம் தொலைபேசியில் வாசவனுக்கு ஒற்றை வரி சொல்வார்: 'அப்பன் கோபமாக எழுந்திருக்கிறார்', 'படகு கிளம்புகிறது'. வாசவன் வரைவார். குருவிளா அதற்கேற்ற காட்சியை எழுதிவிடுவார். கையில் கதை இல்லாத வாரங்களில் அவர் சொல்லும் வரி ஒன்று உண்டு: 'செலினா ஜன்னலருகே நிற்கிறாள்.' அதை எந்த அத்தியாயத்திலும் நுழைத்துவிடலாம். இந்த வாரமும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

வாசவன் வீட்டுக் கொடியில் அச்சான தாள் காய்ந்துகொண்டிருந்தது. குருவிளா கிட்டே போய்ப் பார்த்தார். அதில் ஜன்னலே இல்லை. செலினா படகுத்துறையில் நின்றாள். மழை. கையில் ஓர் ஆண்பிள்ளைக் குடை. பிரம்புப் பிடி விண்டிருந்தது, விண்ட இடத்தில் நூல் சுற்றியிருந்தது.

"இது என்ன வாசவா?"

"படம் சாரே."

"நான் ஜன்னல்தானே சொன்னேன்?"

"போன வாரத்துக்கும் ஜன்னல்தான் சொன்னீங்க, கதையில்லாம படம் மட்டும் வந்தது. அதுக்கு முந்தியும் ஜன்னல். அந்த ஜன்னலுக்கு எத்தனை கம்பின்னு என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவளுக்கும் கால் இருக்கு சாரே, கொஞ்சம் வெளியே போகட்டும்னு விட்டேன்."

துறைப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே அவள் அப்பன் அவுசேப்பு ஆணையிட்டிருந்தார். வாசகர்கள் ஒருவர்கூட அதை மறந்திருக்க மாட்டார்கள். தாள்களோ ஓடி முடிந்துவிட்டன. குருவிளா திண்டாடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, அந்தக் குடை யாருது?"

"எனக்கெப்படித் தெரியும்? எழுதறது நீங்க."

வாசவனின் கை வாசல் பக்கம் நீண்டது. அங்கே ஆணியில் அதே குடை தொங்கியது. விண்ட பிடி, நூல் எல்லாம் அப்படியே. கண்ணுக்கு எதிரே இருந்ததை வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

குருவிளா கோபித்துக்கொண்டு எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கோபத்தோடு நனைந்து போகலாம்தான்; ஆனால் பூசைக்குப் போட்ட வெள்ளை ஜிப்பா. வாசவன் குடையை எடுத்து நீட்டினார். குருவிளா முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பாதித் தெருவில் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. வாசவன் வீட்டில் இருப்பது இந்த ஒரு குடைதான். இதைத் தன்னிடம் கொடுத்துவிட்டதால் மழை விடும்வரை அந்த மனுஷன் வெளியே வர முடியாது. குடையைக் கொடுக்கிறவன் ஒன்று நனைய வேண்டும், இல்லை வீட்டில் அடைபட வேண்டும்.

அப்படியானால் செலினாவுக்குக் குடை கொடுத்தவர் யார்? டோமி வளைகுடாவில் இருக்கிறான். அக்கம்பக்கத்தில் யாராவது என்றால் செய்தி ஊருக்கே தெரிந்திருக்கும். அவள் வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை ஒரே ஒருவர். குடை அவுசேப்புவுடையது. அவள் திருடிக்கொண்டு வந்திருக்கலாமே? முடியாது, அவுசேப்பு மழைநாளில் குடையில்லாமல் வாசலைத் தாண்டாதவர், அது ஆணியில் இல்லையென்றால் மறு நிமிடமே கத்தியிருப்பார். கத்தவில்லை. ஆகவே கொடுத்தது அவரேதான். 'போகாதே' என்று சொன்ன அப்பன், மழையில் போகிற மகளிடம் தன் குடையைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

குருவிளா நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துவிட்டு, சுகமில்லாத மனுஷன் மழையில் ஏன் நிற்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார்.

கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தார். முன்னறையில் இரண்டு பெண்கள் ஒரு பூவன்பழக் குலையோடு காத்திருந்தார்கள். அச்சம்மா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அவளைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மடமா, டோமியா என்ற கேள்வி மேசையில் வழக்கம்போல் காத்திருந்தது. அதை அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்தார். அதற்கு இன்று யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருப்பது ஒரு குடை. ஒரு கை கொடுத்தது, இன்னொரு கை வாங்கியது. கொடுக்கும்போது அப்பன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? இது பதில் சொல்லக்கூடிய கேள்வி. முதல் வரி வந்தது. அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது.

அவர் தூங்குகிறார் என்று சொல்லி அச்சம்மா வந்தவர்களை அனுப்பிவைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவள் மேசையில் கிடந்த தாள்களை எடுத்து, நின்றபடியே படித்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் பாராட்டும் வழக்கம் இல்லாதவள். கடைசித் தாளை இரண்டாம் தடவையும் படித்தாள்.

"இந்த அவுசேப்புக் கிழவனை இத்தனை வாரமா நான் திட்டிக்கிட்டிருந்தேனே அச்சாயா" என்றாள் புருஷனிடம்.

குருவிளா அன்று கப்பைக்கிழங்கும் மீன்கறியும் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்கு வெகுநேரம் முன்பே அத்தியாயம் பௌலோஸ் மேசைக்குப் போய்விட்டது. பௌலோஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார், பாதியில் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார், படித்து முடித்ததும் தொலைபேசியை எடுத்து, பேபிச்சனிடம் அவசரமில்லை என்று சொன்னார். பிறகு குருவிளாவின் பக்கம் திரும்பி, உடம்பு தேவலையா என்று விசாரித்தார். பரவாயில்லை என்றார் குருவிளா. இருவரும் சிரிக்காமல் சமாளித்தார்கள்.

அதற்கப்புறம் விடியற்காலை கட்டங்காப்பி மாறவில்லை, மேசை மாறவில்லை. மாறியது ஒன்றுதான். எழுந்திருக்கும் முன் அன்றைய கடைசி வரியில் ஏதாவது ஒரு சாமானை வைத்துவிடுவார்: ஒரு சாவி, ஒரு மருந்துப் புட்டி. அது யாருடையது, எப்படி அங்கே வந்தது என்று யோசிக்க மாட்டார். யோசிக்கத் தொடங்கினால் பேனாவை மூடிவிடுவார். மறுநாள் காலையில் மேசைக்கு வந்து உட்காரும்போது அந்தக் குட்டிக் கேள்வி அவருக்காகக் காத்திருக்கும், பயமுறுத்தாது. சில நாள் பதில் வெகு சாதாரணமாக இருக்கும், அந்தச் சாவியை அடித்துவிடுவார். அடிப்பதற்குள் பக்கம் பாதி நிரம்பியிருக்கும். பெரிய கேள்வி? அதுபாட்டுக்கு ஓரத்தில் கிடந்தது, சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது.

அடுத்த ஞாயிறு, மன்றாட்டைக் கேட்டு குருவிளாவைக் குணமாக்கியதற்காகப் பங்குத்தந்தை கடவுளுக்கு நன்றி சொன்னார். குருவிளாவும் மனசார ஆமென் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்றுதான் அவருக்குப் பட்டது. மிச்சமிருந்த ஆரஞ்சுகளை அச்சம்மா பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாள்.

குடையைத் திருப்பிக் கொடுக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. வாசவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதைத் தன் வாசல் ஆணியில் மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் வாசவனே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன சாரே, இந்த வாரமும் ஜன்னலா?"

"இல்லை. அவுசேப்பு வீட்டு வாசப்படி. அதுல ஒரு ஒத்தைச் செருப்பு."

"யாரோட செருப்பு?"

"எனக்கெப்படித் தெரியும்? நீ வரை" என்றார் குருவிளா. "நாளைக்குக் காலையில பார்த்துச் சொல்றேன்."