சொல்லிக்கொள்ளாமல்

தோல் மருத்துவப் பயிற்சியில் புதன்கிழமை வகுப்பென்றாலே எனக்கு எரிச்சல். நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கண்ணால் மட்டும் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். பேச்சுக் கொடுத்தால் கண் சோம்பிவிடுமாம். எங்கள் நிபுணர் டாக்டர் கேப்ரியல் வகுத்த பாடத்திட்டம் அது.

அன்று பாகான் டத்தோவிலிருந்து வீரம்மா என்ற நோயாளியை ஈப்போவில் எங்கள் மருத்துவமனைக்கு வரவழைத்திருந்தார்கள். இரண்டு கால்களிலும் ஊதா நிறத் தடிப்புகள். பயிற்சி மருத்துவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் வெளியேறினார்கள். கடைசியாக நான்.

பார்த்துவிட்டுத் திரும்பும்போது வீரம்மா என் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வரிசையா வந்து பாக்குறீங்க, சொல்லிக்காம போறீங்க. எழவு வீட்டுலதாம்மா அப்படிப் போவாங்க. நான் பொழைக்க மாட்டேனா?"

கதவருகே நின்ற கேப்ரியல் என்னை முறைத்தார். முறைக்கட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உயிருக்கு ஒன்னும் ஆவாதும்மா. அரிப்புதான். மருந்து இருக்கு."

எழுந்தபோது, "போயிட்டு வாரேம்மா" என்றேன்.

வீரம்மா கைலியை இறக்கிக் கால்களை மூடிக்கொண்டார்.

"நல்லபடியா போயிட்டு வா. கதவுகிட்ட நிக்கிற அந்தப் பெரிய டாக்டரையும் வந்து சொல்லிட்டுப் போகச் சொல்லு."