ஒரே மீட்டருக்கு இரண்டு விலை

தேவராஜ மொஹல்லாவில் ரத்தினவேல் நடத்திவந்த மெஸ்ஸின் மாடியில், அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூடியிருந்தவர்கள் பதினொரு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கு யாரிடம் பயம் என்பது அதிலேயே தெரிந்தது.

கைவைத்த நாற்காலி அங்கே ஒன்றுதான். அதில் பெங்களூரிலிருந்து வந்திருந்த மீட்டர் கம்பெனி ஏஜெண்ட் சீனிவாசன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், காபி டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தி நகர்த்தி வைத்தபடி, டெலிபோன் பூத்காரர் சங்கத் தலைவர் ரத்தினவேல். இடப்பக்கம் மார்க்கெட் வாசலில் டெலிபோன் பூத் வைத்திருக்கும் ரொனால்ட், பெஞ்சில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு. ஜன்னலோரம் ஹனூர்க்காரர் லிங்கப்பன்; பஸ் ஸ்டாண்டு பூத்காரர். சுவரோர பெஞ்சில் இன்னும் ஆறு பூத்காரர்கள். அவர்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்று முழுக்க மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ரோசலின். பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருந்த தன் பூத்தைப் பூட்டிவிட்டு வந்தவள், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக உட்கார்ந்திருந்தாள்.

வருஷம் தொண்ணூற்றொன்பது. கைபேசி பெரிய பணக்காரர்களின் இடுப்பில் மட்டும் இருந்த காலம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் மஞ்சள் போர்டு தொங்கும் பூத்துக்குத்தான் ஜனங்கள் வந்தார்கள். பேசப் பேச எவ்வளவு ஆகிறது என்று சிவப்பு எண்ணில் காட்டி, வைத்ததும் சீட்டு அடித்துத் தரும் கறுப்புப் பெட்டிதான் மீட்டர். அது இல்லாமல் பூத் நடத்தத் தொலைபேசி இலாகா விடாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வெளியூர்க் கட்டணம் குறைந்திருந்தது. இலாகா பூத்காரர்களிடம் புதுக் கட்டணம்தான் வாங்கியது. மீட்டருக்கு அந்தச் சேதி எட்டவில்லை. அதன் உள்ளே இருந்த சிப்பில் பழைய கணக்கு. அது பழையபடியே காட்டியது.

"புது சிப் ரெடி. மெஷினுக்கு ஆயிரத்து எண்ணூறு. வெள்ளிக்கிழமைக்குள்ள டிராஃப்ட் எடுத்துருங்க" என்றார் சீனிவாசன்.

ரோசலின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். நாலு வருஷம் மனு மேல் மனு எழுதி, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பூத் வாங்கியவள் அவள். தாளைத் தொலைப்பவள் இல்லை.

"சார், மெஷின் விக்கும்போது நீங்க கொடுத்த நோட்டீஸ் இது. 'அரசுக் கட்டணம் மாறும்போது மாற்றிக்கொள்ளும் வசதி உடையது'ன்னு போட்டிருக்கு. பதினாலாயிரம் கொடுத்தது இதை நம்பித்தான்."

"மாத்திக்கலாம்னுதான் போட்டிருக்கு மேடம். சும்மா மாத்தித் தரோம்னு எங்க போட்டிருக்கு? எங்க இன்ஜினியருங்க ராவும் பகலும் உக்காந்து எழுதறாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கில்ல?"

"ஒரு தடவை எழுதி ஊரெல்லாம் விக்கறீங்க. நாங்க ஒவ்வொருத்தரும் முழு விலை கொடுக்கணுமா?"

"இன்னொண்ணும் இருக்கு. அஞ்சு மாசத்துல ரெண்டாயிரமாவது வருஷம் பொறக்குது. பழைய சிப் தேதியைத் தப்பா அடிக்கும். புதுசுல அதையும் சரி பண்ணியிருக்கோம். எவ்ளோ பெரிய வசதி!"

"வித்த நாலே வருஷத்துல வரப்போற தேதியைக்கூட எண்ணத் தெரியாத மெஷினையா அன்னிக்கு எங்க தலையில கட்டினீங்க? அது வசதியில்ல சார், குறை."

ஜன்னலோரத்திலிருந்து லிங்கப்பன் சிரித்தார். "கேக்கறாங்கல்லங்க, சொல்லுங்க."

"நான் சொல்றேன் குருவே" என்று ரொனால்ட் புகுந்தான். "சிப்பே மாத்த வேண்டாம். இருக்கற சிப் நல்லாத்தான் சம்பாதிக்குது!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சீனிவாசனும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், குரலைத் தாழ்த்தி, பழகியவர் போலப் பேசினார்.

"தம்பி விளையாட்டாச் சொன்னாலும் விஷயம் அதுதான். ரெண்டு மாசமா ஜனங்க கிட்ட பழைய ரேட்டு வாங்கறீங்க, இலாகாவுக்குப் புது ரேட்டு கட்டறீங்க. மிச்சம் யார் கிட்ட இருக்கு? அதுல இருந்து எனக்குக் கொடுங்க. உங்க கைக்காசு ஒண்ணும் போகல. வேண்டாம், புகார் எழுதறோம்னா தாராளமா எழுதுங்க. இலாகா பில்லையும் உங்க மெஷின் சீட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, லைசென்ஸ் யாருக்குப் போகும்? எனக்கா?"

ரத்தினவேல் காபி டம்ளரைப் பார்த்தார். சுவரோர ஆறு பேரும் ரத்தினவேலைப் பார்த்தார்கள். ரோசலின் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தாள். பூத் போனால் வீட்டில் வேறு வருமானம் கிடையாது; பி.யூ.சி. படிக்கும் மகள் ஷாரனின் படிப்பும் அதோடு போய்விடும். சிப் வாங்கச் சம்மதிப்பவர்களின் பெயர்ப் பட்டியல் சுற்றி வந்தபோது, எல்லோரையும் போல அவளும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு ஊன்றுகோலை எடுத்தாள்.

மறுநாள் காலை ரோசலினின் பூத்துக்கு முதல் ஆளாக வள்ளியாத்தாள் வந்தாள். ராமாபுரத்துக்காரி. புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்து இருபது நாள் ஆகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுக்குத் தினமும் ஒரு போன். கூண்டுக்குள் நின்றபடி, ஒரு கண்ணைச் சிவப்பு எண்ணிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஏனப்பா, நாளான்னிக்கு ஆப்ரேசனாமா... கையெழுத்துக்கு ஆம்பள ஆளு வேணும்ங்கறாங்க... நீ நாளைக்கே பொறப்பட்டு வந்துரு... அய்யய்யோ, பதினெட்டாயிருச்சு, வெச்சர்றேன்!"

வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "வார்டு நம்பரச் சொல்லாம உட்டுப்போட்டனே! அந்தப் பையன் வந்து எங்கீன்னு தேடுவான்?"

"இன்னொரு தடவை போட்டுத் தரட்டுமா?"

"காசு ஆரு குடுப்பா? ஏனுங்கம்மா, ரேட்டு கொறஞ்சிருச்சுன்னு ரேடியோவுல சொன்னானாமா. எம்மவன்தான் சொன்னான். இங்க மட்டும் ஏனுங்க கொறைய மாட்டீங்குது?"

ரோசலின் சீட்டைக் கிழித்து நீட்டினாள். நேற்று மாடியில் கேள்வி மேல் கேள்வி கேட்டவள் அவள். "மெஷின் காட்டறதைத்தாம்மா நான் வாங்கறேன்" என்றாள்.

"மெஷினுக்கு வயிறு இருக்குதாக்கும்! நீங்க நல்லாருங்க தாயி." வள்ளியாத்தாள் பதினெட்டு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு, சீட்டைப் பழைய சீட்டுகளோடு சேர்த்துச் சுருக்குப் பைக்குள் திணித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

ரோசலின் வெகுநேரம் ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீனிவாசன் கேட்கும் ஆயிரத்து எண்ணூறை யார் கொடுக்கிறார்கள் என்பது இப்போது விளங்கிப் போயிற்று. அவளும் கொடுக்கவில்லை, ரத்தினவேலும் கொடுக்கவில்லை. வார்டு நம்பரைச் சொல்ல முடியாமல் போனை வைத்தாளே, அந்தப் பொம்பிளை கொடுக்கிறாள். தான் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் நீட்டப் போகிறவள், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் தன்னை மிரட்டியதும் அந்தக் காசைக் காட்டித்தானே?

எதிர் மருந்துக்கடையில் ஒரு சுருள் பிளாஸ்திரி வாங்கினாள். மீட்டரின் சிவப்பு எண்கள் தெரியாதபடி குறுக்காக மூன்று வரிசை ஒட்டினாள். இலாகா அனுப்பியிருந்த புதுக் கட்டணப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிக் கூண்டில் மாட்டினாள். ஷாரனின் கைக்கடிகாரத்தை மேஜைமேல் வைத்தாள். கீழே ஒரு அட்டை: 'இந்த மீட்டர் பழைய கட்டணம் காட்டுகிறது. அதை நம்ப வேண்டாம். கடிகாரம் பார்த்துப் புதுக் கட்டணமே வாங்கப்படும்.' அதையே கன்னடத்திலும் எழுதினாள்.

சாயங்காலம் வள்ளியாத்தாள் வந்தபோது, ரோசலின் அவளைச் சுருக்குப் பையைத் திறக்கச் சொன்னாள். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதென்னங்க, எனக்கெதுக்கு?"

"உங்க காசும்மா. நான் தப்பா வாங்கினது. மகனுக்குப் போட்டு வார்டு நம்பரச் சொல்லுங்க, வாங்க."

வள்ளியாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "காத்தால நான் பேசுனதுக்கு மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றவள், பணத்தை மட்டும் கவனமாக இரண்டு முறை எண்ணி முடிந்துகொண்டாள்.

சேதி மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் ரொனால்ட் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூட இல்லை. சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான்.

"ஏன்க்கா, உனக்குத் தலை சரியில்லையா? போர்டு போட்டிருக்கியாமே! காலையில இருந்து என் கஸ்டமர் ஒவ்வொருத்தனும் 'நிம்ம மீட்டர் ஹேகே'ன்னு கன்னடத்துல கேக்கறான், 'உங்க மீட்டர் எப்படி'ன்னு தமிழ்ல கேக்கறான். உர்துவுல ஒருத்தன் திட்டிட்டே போயிட்டான்!"

"பாஷை தெரியும்ல உனக்கு? பதில் சொல்லு."

"என்னன்னு சொல்றது? திருடினேன்னா?"

"ஆமா. நானும் அதைத்தான் எழுதிட்டிருக்கேன், படி."

மேஜைமேல் கார்பன் வைத்து எழுதிய கடிதம் இருந்தது. அவள் வழக்கப்படி பத்திக்குப் பத்தி எண் போட்டிருந்தாள். முதல் பத்தி கம்பெனியைப் பற்றியதே அல்ல. 'கட்டணம் குறைந்த நாளிலிருந்து நேற்றுவரை, மீட்டர் தவறாகக் காட்டுவது தெரிந்தும், நான் வாடிக்கையாளர்களிடம் பழைய கட்டணமே வாங்கினேன். ஆள் தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். ஆள் தெரியாத தொகையை இலாகா சொல்கிற இடத்தில் கட்டுகிறேன்.' மீட்டரின் குறை இரண்டாம் பத்தி. மூன்றாவதில் நோட்டீஸின் வாசகம். நாலாவது: 'புதிய வசதி விற்றால் வேண்டுபவர் விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் சரியாக எண்ணும் என்று சொல்லி விற்ற மீட்டர் சரியாக எண்ணும்படி செய்வது புதிய வசதி அல்ல. அதற்கான விலையை வாங்கிய அன்றே கொடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.'

ரொனால்ட் படித்துவிட்டு, நாற்காலி இருப்பதே தெரியாதவன் போல நின்றான். "லைசென்ஸ் போயிட்டா?"

"போகலாம். பயமாத்தான் இருக்கு."

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. சீனிவாசன் இறங்கினார், பின்னாலேயே ரத்தினவேல், வேர்த்துக் கொட்டிக்கொண்டு. நடுவில் இருந்த ஸ்டூலை சீனிவாசனே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன மேடம் இது, கம்பெனி பேரைக் கெடுக்கறீங்க? பிளாஸ்திரியை எடுங்க. இல்லன்னா நானே இலாகாவுக்குப் போய், ரெண்டு மாசமா இந்த பூத்துல என்ன நடந்ததுன்னு சொல்லவேண்டி வரும்."

ரோசலின் கார்பன் நகலை உருவி அவரிடம் நீட்டினாள்.

"ஆட்டோ செலவு எதுக்கு சார்? நீங்க சொல்லப்போறதை நானே முதல் பாராவில எழுதிட்டேன். தேதி ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க, சேத்துக்கலாம்."

சீனிவாசன் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். "ஸ்பெஷல் கேஸா உங்களுக்கு மட்டும் பாதி விலைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"பாதி விலைக்குக் கொடுக்க முடியும்னா, முழு விலை எதுக்குக் கேட்டீங்க?" இதைக் கேட்டது ரோசலின் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாடியில் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்த ரத்தினவேல். கேட்டுவிட்டு, தன் குரலைத் தானே கேட்டு மிரண்டவர் போல ரொனால்டைப் பார்த்தார்.

ரொனால்ட் தலையைச் சொறிந்தான். "அக்கா, அந்த முதல் பாராவில 'நான்'னு எழுதியிருக்கியே, அதை 'நாங்கள்'னு மாத்து. எனக்கு உன்னளவு நல்லா எழுத வராது. தனியா திருடினதா நீ மட்டும் பேரு வாங்கிக்காத."

சீனிவாசன் நகலை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். "பாக்கலாம்" என்றார். ஆட்டோக்காரன் இன்னும் போயிருக்கவில்லை.

ரோசலின் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி எழுதினாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து லிங்கப்பன் வந்து அவள் பெயருக்குக் கீழே முதல் கையெழுத்தைப் போட்டார்; அடுத்து ரொனால்டும் ரத்தினவேலும். சுவரோர ஆறு பேரில் நாலு பேர் போட்டார்கள். இரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்; அவர்களும் அன்றே மீட்டரை மூடிவிட்டதாக ரொனால்ட் விசாரித்துக்கொண்டு வந்தான். கம்பெனிக்கு ஒன்று, இலாகாவுக்கு ஒன்று, நுகர்வோர் மன்றத்துக்கு ஒன்று.

புதன்கிழமை தபாலாபீசில் லிங்கப்பன் பசையைத் தடவிக் கொடுக்க, ரோசலின் உறைகளை ஒட்டினாள்.

"ஜெயிப்போமாங்க?" என்றார் லிங்கப்பன்.

"தெரியாதுண்ணா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுது. வித்த பொருளோட குறையைச் சரிபண்ண ரெண்டாவது தடவை விலை கேட்டா, கொடுக்க மாட்டேன்னு சொல்ற உரிமை நமக்கு இருக்கு. நமக்குக் கீழ இருக்கறவங்க கிட்ட எடுத்த காசை மடியில வச்சுக்கிட்டு மட்டும் அதைச் சொல்ல முடியாது. முதல்ல அதை இறக்கி வச்சுரணும். அப்புறம் எவன் மிரட்டினாலும் கேட்டுடலாம்."

குமாஸ்தா மூன்று உறைகளையும் எடை போட்டு, பதிவுத் தபால் முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துத் தந்தார். உறைகள் ஒவ்வொன்றாகச் சாக்குப் பைக்குள் விழுந்தன.

"அடுத்தது யாரு?" என்றார் குமாஸ்தா.