பொட்டு வைத்த குளிர்பெட்டி

பிரிஞ்சாங்கு மலையூருக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய பூந்தோட்டத்தில் செவ்வந்திக்கு நோய் விழுந்தது எண்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில். இலையடியில் வெள்ளைக் கொப்பளம். ஒரு செடி விடாமல் பிடுங்கி எரித்தார்கள். வேலைக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தபோது நீலாவதிதான் வழிமறித்தாள்.

"எங்கயும் போவாதீங்கலா. எல்லா வகையும் எங்கிட்ட பாட்டில்ல இருக்கு. மண்ணு ஆறுனதும் நடலாம்."

வெறும் பேச்சில்லை அது. தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் பாட்டில் செடிகளை வளர்ப்பவள் அவள். வெளிச்சத்தில் வைத்தால் மாதாமாதம் வெட்டிப் புதுச் சத்துக்கூழுக்கு மாற்றவேண்டும். இல்லையென்றால் இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். அதனால் நட்டது போக மிஞ்சியதையெல்லாம் வகைவாரியாகக் குளிர்பெட்டியில் அடைத்து வைத்திருந்தாள். குளிரில் அவை வளர்வதுமில்லை, சாவதுமில்லை. அரைத்தூக்கத்தில் வருஷக்கணக்கில்கூடக் கிடக்கும். பெட்டியை அடிக்கடி திறக்கக்கூடாது என்பதால் யாரையும் அண்டவிடமாட்டாள். ஒருமுறை தூசி தட்டப்போன வேலம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

வேலம்மா கூடத்தைக் கூட்டித் துடைப்பவள், புருஷனில்லாதவள். எஸ்டேட் கங்காணி காளியண்ணன் கொழுந்தெடுக்கக் கூப்பிட்டபோது, "நீலா சொல்லிருக்குண்ணே, பூ வரும்" என்று மறுத்துவிட்டாள். கங்காணி அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

சித்திரையில் நீலாவதி பெட்டியைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடிக்கவில்லை. வெளுத்த தண்டுகள் மூடியை முட்டும்வரை வளர்ந்து, மடங்கி, பழுப்பேறிக் கிடந்தன. ஒன்றில்கூடப் பச்சை இல்லை. சுவரைப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்திருந்தது. அதன்மேல் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம்.

"வேலம்மாக்கா, இத யாரு அணைச்சா?"

பெட்டிப் பக்கம் வரக்கூடாது என்பதால் வேலம்மா வாசலிலேயே நின்றாள். "நாந்தான். போன ஆயுத பூசைக்கு நீ லீவுல போறப்ப மெசினுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னியே. வருசம் பூரா ஓடுது, அன்னிக்காவது ஓயட்டுமேன்னு எல்லாத்தையும் அணைச்சேன். மறுநா மத்ததெல்லாம் போட்டுட்டேன். இதத் தொடக்கூடாதுன்னு ஏசுனியே, நீ வந்து போட்டுக்குவன்னு விட்டுட்டேன்."

ஏசி போட்ட இரைச்சலில் பெட்டி ஊமையானது நீலாவதிக்கு இத்தனை மாதமும் தெரியவில்லை. வேலம்மாவை அறையவேண்டும் போலிருந்தது. தன்னையே அறைந்துகொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

வேலம்மா வாசலிலிருந்தபடியே எட்டிப் பார்த்தாள். பாட்டில் நிறையத் தண்டுகள் தெரிந்தன. அவள் முகம் மலர்ந்தது.

"அடியாத்தி, எம்புட்டு ஒசரம் வளந்துருக்கு! வெளிய எல்லாரும் கூடையோட வந்து நிக்கிறாங்க. கூப்பிடவா?"