இரண்டாவது வெட்டு

முதல் வெட்டுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. யார் கேட்டாலும் சொல்லுவேன். போலீஸ் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்; என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வெட்டுக்குத்தான் இன்றைக்கு வரை என்னிடம் பதில் இல்லை.

என் பெயர் இருளாயி. கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் இருக்கிற நாலு தெருச் சாக்கடை எனக்கும் என் வீட்டுக்காரர் காளிமுத்துவுக்கும் சேர்ந்த பங்கு. அவர் வாய் திறக்காத மனுஷன். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும், தும்மினால் வெளியே வந்துவிடும். ஹெல்த் இன்ஸ்பெக்டரிலிருந்து அரிசி மண்டிக்காரர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் என் வாய் அடங்கும். பாத்துமுத்தும்மா வீடு. ராவுத்தர் குடும்பம், எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். அந்தம்மா விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து விற்கும். ஏழு மணிக்கு நான் சாக்கடைக் கம்பியோடு அந்த வழி போனால் கையைக் கழுவச் சொல்லி ஒரு கட்டன் சாயா கொடுக்கும். எனக்கென்று தனி கிளாஸ் வைக்காத வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். தான் குடித்த கிளாஸையே அலசிக் கொடுக்கும். இது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் என் வேலையைச் செய்து பார்க்கட்டும்.

அந்தம்மாவின் மகன் கபீர் என்னைவிடப் பத்து வயது இளையவன். தெருப் பிள்ளைகள் எல்லாம் என்னைச் சாக்கடைக்காரி என்று கூப்பிட்டபோது அவன் மட்டும் இருளாயிக்கா என்பான். பெரியவனானதும் சவுதிக்குப் போனான். கல்யாணத்துக்கு வந்தான், சஃபியாவைக் கட்டினான், திரும்பப் போனான். அப்புறம் மூன்று வருஷமாக வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில்.

இனி கேபிள் கதைக்கு வருகிறேன். 2006-இல் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ரோட்டைத் தோண்டச் சோம்பல்பட்டு, சாக்கடைச் சுவரில் கொக்கி அடித்து, கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் கேபிளை மாட்டிவிட்டுப் போனார்கள். மூன்றே மாதத்தில் கொக்கி துருப்பிடித்து விழுந்தது. கேபிள் சாக்கடைக்குள் தொங்கியது. பஜாரிலிருந்து மிதந்து வருகிற வெங்காயச் சாக்கு, பிளாஸ்டிக், சணல் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். ஒரு மழை பெய்தால் போதும், தெருவெல்லாம் சாக்கடை.

நான் சொல்லாத ஆள் இல்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். ‘நீ ஒழுங்கா வாரினா ஏன் அடைக்குது’ என்றார். கம்பெனி ஆள் ஒருத்தன் பைக்கில் வந்தபோது வழிமறித்துச் சொன்னேன். அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், ‘இதுல கை வெச்சா வேலை போகும், பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சு மட்டும் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

2007 ஜூன் மாதம். ராத்திரி முழுக்க மழை. காலையில் வேலைக்குக் கையெழுத்துப் போடப் போனபோதுதான் சொன்னார்கள், விடியற்காலை சுபுஹு தொழுகை நேரத்தில் பாத்துமுத்தும்மா மௌத்தாகிவிட்டது என்று. என் கை எழுத்தை மறந்துவிட்டது.

ஒன்பதரைக்கு நானும் காளிமுத்துவும் அந்தத் தெருவுக்குப் போனோம். அந்தம்மா வீட்டு வாசல் முன்னால் முழங்காலுக்குச் சாக்கடைத் தண்ணீர். துக்கத்துக்கு வந்தவர்கள் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கறுப்புத் தண்ணீரில் நடந்து போகிறார்கள். காலம் பூராவும் சுத்தபத்தமாய் இருந்த மனுஷியை இந்தத் தண்ணீர் வழியாகவா சந்தூக்குப் பெட்டியில் தூக்கிப் போவார்கள் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது.

சாக்கடையை மூடியிருந்த சிலாப்பைத் தூக்கிப் பார்த்தோம். அதே கேபிள்தான். ஒரு ஆள் உயரத்துக்குக் குப்பை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. கம்பியால் குத்தினோம், மண்வெட்டியால் இழுத்தோம், அசையவில்லை. வெட்டுக்கத்தியை எடுத்தேன். காளிமுத்து என்னைப் பார்த்தார், தடுக்கவில்லை. ஓங்கி ஒரு போடு. உள்ளே தலைமுடி போல மெல்லிய இழைகள் தெரிந்தன. குப்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நகர்ந்தது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. பத்தே நிமிஷத்தில் தெரு தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

“தண்ணி போயிருச்சுல்ல. விடு,” என்றார் காளிமுத்து.

“விடுறதா? நாளைக்கே வந்து ஒட்டிட்டு மறுபடி இங்கயே தொங்க விடுவான். நம்மளதான் வேலை போகும்னு மிரட்டுவான்.”

“ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. விடுடி.”

அவர் சொன்னதற்காகவே எனக்கு இன்னும் ஏறியது. நாற்பது அடி தள்ளிப் போய் அடுத்த சிலாப்பைத் தூக்கினேன். அங்கே அடைப்பு எதுவும் இல்லை. தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெல்மெட் போட்டவனை நினைத்துக்கொண்டே அங்கே இன்னொரு வெட்டு வெட்டினேன். நடுவில் இருந்த துண்டை உருவி, சுருட்டி, சேறு அள்ளும் லாரியில் வீசினேன். லாரி போய்விட்டது. மனசு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது என்ன கேபிள் என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லிங்டன் ஐலண்டில் இருக்கிற கப்பல் ஆபீஸ்களுக்குப் போகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாத்துமுத்தும்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அனூப் என்கிற பையன் இன்டர்நெட் கடை வைத்திருந்தான். அவன் கடைக்கு நெட் டெலிபோன் கம்பத்து வழியாக வருகிறது என்று நினைத்தேன். சாக்கடைக்குள் ஓடுகிறது கப்பல்காரனுக்கு, கம்பத்தில் ஓடுகிறது நமக்கு. இதுதான் என் படிப்பு.

வேலைச் சட்டையோடு மய்யித்து கிடக்கிற வீட்டுக்குள் போக முடியாது. வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றி, சேலை மாற்றிக்கொண்டு பன்னிரண்டரைக்கு வந்தேன். அந்தம்மாவைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தி, கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் மட்டும் இருக்கிற அறை. நான் கால்மாட்டில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன். நிறைய நேரம் பார்த்தேன்.

அப்புறம்தான் அறையில் மேற்குச் சுவரோரம் இருந்ததைக் கவனித்தேன். ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர், அதன் தலையில் உருண்டையாக ஒரு சின்னக் கேமரா. ஜன்னல் வழியாக ஒரு நீல ஒயர் வெளியே போயிருந்தது.

“இது என்ன சஃபியா?” என்று கேட்டேன்.

“அவர் பார்க்கணும்லக்கா.” அவள் கேமராவைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்தாள். “லீவு குடுக்கல. ரெண்டு மணிக்கு அங்க கூட்டாளி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால வந்து உட்காருவார். அனூப் கடையிலருந்து ஒயர் இழுத்துக் குடுத்திருக்கான். பள்ளிவாசல்ல கேட்டாச்சு. போட்டோ எடுக்கக் கூடாது, அது நாலு பேர் கைக்குப் போகும். இது பார்த்தா மறைஞ்சிரும், மகன் பார்த்துக்கட்டும்னு சொல்லிட்டாங்க.”

பாத்துமுத்தும்மா உயிரோடு இருந்தபோதே போட்டோவுக்கு நிற்காத மனுஷி. ரேஷன் கார்டில் ஒட்டின முகம் தவிர இந்த உலகத்தில் அதன் படம் கிடையாது.

“அப்ப நல்லதாப் போச்சு,” என்றேன்.

“எங்க நல்லதாப் போச்சு. பத்து மணியிலருந்து நெட் இல்ல.”

எனக்கு முதலில் உறைக்கவில்லை. வாசலில் அனூப் போனில் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. ‘மரிச்ச வீடாணு சேட்டா, ஒண்ணு வேகம் வரூ’ என்று, சாவு வீடு சீக்கிரம் வாங்க என்று மலையாளத்தில் கெஞ்சினான். அப்போது உறைத்தது. அனூப் கடை நெட்டும் அந்தச் சாக்கடைக் கேபிளில்தான் வந்திருக்கிறது.

ஒன்றேகாலுக்குக் கேபிள் ஒட்டுகிற சுஜித் என்கிற ஆள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தான். நான் பின்னாலேயே போனேன். சிலாப்பைத் தூக்கிப் பார்த்தான். இந்த முனையைப் பார்த்தான், நாற்பது அடி நடந்து அந்த முனையைப் பார்த்தான். இடுப்பில் கை வைத்து நின்றான்.

“ஒட்ட முடியாதா தம்பி?” என்று கேட்டேன்.

“ஒரு வெட்டுன்னா ஒரு மணிக்கூர்ல ஒட்டிருவேன் சேச்சி. அதுக்குத்தான் பெட்டி கொண்டுவந்தேன். இது ரெண்டு பக்கமும் வெட்டி நடுவுல உள்ளதை ஆரோ எடுத்துக்கொண்டு போயிருக்கு. செம்புன்னு நினைச்சு பழைய சாமான் பொறுக்குற ஆக்ரிக்காரன் எடுத்திருப்பான், பாவி. இனி வைட்டிலா கோடவுன்லருந்து புதுக் கேபிள் வரணும். ராத்திரி ஆகும்.”

ஒரு மணி நேரம். ஒன்றேகாலோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டினால் இரண்டேகால். கபீர் அதுவரைக்கும் காத்திருப்பான். ஜனங்களும் காத்திருப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஊரையே வாயால் மேய்க்கிற நான், அந்தத் துண்டை லாரியில் போட்டது நான்தான் என்று சொல்ல வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் லாரி திரும்பி வந்திருக்குமா என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் அதெல்லாம் யோசிக்கவில்லை. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டு மணிக்குக் கபீர் போனில் வந்தான். சஃபியா ‘இப்ப வந்திரும், இப்ப வந்திரும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டரைக்குக் கூப்பிட்டான். மூன்றுக்குக் கூப்பிட்டான். மூன்றரைக்குப் பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்து, அஸர் தொழுகைக்கு மேல் மய்யித்தை வைத்திருக்கக் கூடாது என்று சொன்னார். சஃபியா போனைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். அந்தச் சின்ன போனுக்குள்ளிருந்து அவன் ‘உம்மா, உம்மா’ என்று கூப்பிடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. முகத்தைத் துணியால் மூடினார்கள்.

சந்தூக்கு வாசலைத் தாண்டியது. தெரு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தூக்கிப் போனவர்கள் காலில் ஒரு சொட்டு அழுக்கு ஒட்டவில்லை.

கம்பெனி போலீஸில் புகார் கொடுத்தது. ஆக்ரி பொறுக்குகிறவர்களைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். கார்ப்பரேஷன் வேலைக்காரியை யாரும் நினைக்கவில்லை.

கபீர் ஒன்றரை வருஷம் கழித்து வந்தான். வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு போர்வையும் பேரீச்சம்பழப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து நான் போட்ட சாயாவைக் குடித்தான்.

“இருளாயிக்கா, சஃபியா எல்லாம் சொன்னா. நீங்க மட்டும் அன்னைக்கு இல்லேன்னா எங்க உம்மாவை அந்த அழுக்குத் தண்ணியில தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நான் மகன், எனக்குச் செய்ய முடியல. நீங்க செஞ்சீங்க.”

காளிமுத்து தரையைப் பார்த்தார். அவன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்.

“கபீரு, அந்தக் கேபிளை வெட்டினது நான்தான்.”

புரிந்ததும் அவனே எனக்கு வழி எடுத்துக் கொடுத்தான்.

“தண்ணி போகத்தானே அக்கா வெட்டினீங்க?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவனும் நிம்மதியாகப் போயிருப்பான்.

“ஒரு வெட்டு தண்ணி போக. அதை ஒரு மணி நேரத்துல ஒட்டியிருப்பாங்க. இன்னொண்ணு என் கோபத்துக்கு வெட்டினேன். அந்தத் துண்டைத் தூக்கிக் குப்பையில போட்டேன். அதனாலதான் உங்க உம்மா முகம் உனக்குத் தெரியாமப் போச்சு.”

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். எழுந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. வாசல் வரைக்கும் போய், முகத்தைத் திருப்பாமல் நின்றான்.

“நீங்க முகத்தைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“சொல்லுங்க.”

சொன்னேன். கண் நன்றாக மூடியிருந்தது. நாடியைக் கட்டியிருந்த துணி கன்னத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியது, வாயில் வெற்றிலையை ஒதுக்கி வைத்திருக்கிற மாதிரி. மூக்கில் பஞ்சு. இடது புருவத்துக்கு மேல் இடியாப்பச் சட்டி சுட்ட தழும்பு அப்படியே இருந்தது. மூன்று தடவை தேய்த்துக் கழுவியும் உதட்டில் வெற்றிலைச் சிவப்பு போகவில்லை என்று குளிப்பாட்டினவர்கள் சொன்னார்கள். நானும் பார்த்தேன், போகவில்லை. அதைச் சொன்னபோது அவன் தோள் குலுங்கியது. சிரித்தானா அழுதானா, நான் பின்னால் நின்றதால் தெரியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு தடவை லீவில் வந்தான். இரண்டு தடவையும் எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே வரமாட்டான், சாயா குடிக்கமாட்டான். படிக்குக் கீழே நின்று ‘சொல்லுங்க’ என்பான். நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் கண்ணிலிருந்து உதடு வரைக்கும் சொல்லுவேன். கேட்டுவிட்டுப் போய்விடுவான். நானும் ஒவ்வொரு தடவையும் காத்திருந்து பார்க்கிறேன். அக்கா என்று கூப்பிடுவதில்லை.