என் தலை மேல் நான்

என் தலை மேல் நானே ஏறி நின்றிருக்கிறேன். ஏணி கிடையாது, கயிறு கிடையாது. வழுக்கை விழுந்த இதே தலையின் மேல், இதே தொப்பையோடு, இதே தேய்ந்த செருப்போடு இன்னொரு நான். கீழே நின்ற எனக்குக் கழுத்துகூட வலிக்கவில்லை.

பூங்காவில் என்னோடு காலையில் நடக்க வரும் ஓய்வு பெற்ற கும்பலிடம் இதைச் சொன்னால், "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்கிறார்கள். பரவாயில்லை. இதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். என் தங்கையின் கணவர். ஆனால் அந்தச் சாட்சியே முதலில் அப்படி ஒன்றும் இல்லை என்று சாதித்தவர்தான்.

மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதிப்பது, லென்ஸ் தேய்ப்பது, சட்டத்தில் பொருத்துவது எல்லாம் அவரே. அவர் செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் அடுத்த ஊரில் அடுப்பில் வைத்த பால் பொங்குவது தெரியும். ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டும் வரலாம். நான் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் ஏறினால் எஞ்சினே டிக்கெட்டைத் தேடும் என்பார்கள். என்பார்கள் என்றால், நான்தான் சொல்வேன்.

தங்கை போன கோடையில் இறந்தாள். தலைக்குள் கட்டி. குளியலறை வாசலில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. இதில் கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். ஆனால் கடை முன்போல நடக்கவில்லை. கண்ணாடியில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறு வாங்க வந்த ஓர் அம்மாவை உட்காரவைத்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, "எதுக்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

"கயிறுதாங்க கேட்டேன்."

"கயிறு எங்கயும் போகாது. முதல்ல டாக்டரைப் பாருங்க."

கண்ணில் தூசி விழுந்தவன், எண்ணெய் தெறித்தவள், சும்மா விலாசம் கேட்க உள்ளே வந்தவன், எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த வட்டாரத்தில் ஸ்கேன் எடுக்காத தலையாக என் தலையும் தெருமுனையில் நிற்கும் சிலையின் தலையும்தான் மிச்சம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. காலை நேரத்தில் அந்த வீட்டில் நடந்ததுதான் சிரிக்க முடியாதது.

அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறாள். மாணவர்கள் அவளைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். நாங்கள் இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். தினமும் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே மாப்பிள்ளை ஆரம்பிப்பார்.

"கூடவேதான இருந்த? ஊர்ல உள்ளவங்க மனசையெல்லாம் படிக்கத் தெரியுது. பெத்தவளுக்கு என்ன பண்ணுதுன்னு பார்க்கத் தெரியல."

அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவாள். நான் ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். மறுநாள் மாலை அவளுடைய கல்லூரி வாசலிலேயே போய் நின்று, எதிர்க் கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனேன்.

"உங்கப்பனுக்கு என்ன கேடு பாப்பா? என் தங்கச்சி செத்ததுக்கு அழாம உன்னை அழ வைக்கிறான்."

அவள் கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "மாமா, பஸ்ல டிக்கெட் இல்லாம மாட்டிக்கிறவங்க என்ன சொல்வாங்க?"

என்னிடம் இந்தக் கேள்வி கேட்டால் விடுவேனா? "முதல்ல 'எடுத்தேனே'ன்னு சட்டைப் பையெல்லாம் துழாவுவான். இல்லன்னு அவனுக்கே தெரியும், ஆனா நிஜமாத் தேடுவான். அப்புறம் 'கண்டக்டர்தான் கொடுக்கல'ம்பான். அப்புறம் 'நிக்கவே இடமில்ல, இதுக்கு டிக்கெட் வேறயா'ன்னு நியாயம் பேசுவான். கடைசியில பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்டாட்டி மேல பாய்வான். அவ பாவம், டிக்கெட் எடுத்திருப்பா."

பாப்பா சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். "நான் ஒரு வருஷம் நடத்துற பாடத்தை ஒரு டீயில முடிச்சிட்டீங்க. இது எல்லாத்துக்கும் எங்ககிட்ட பேர் இருக்கு மாமா. நடந்ததை இல்லங்கறது, தன்கிட்ட இருக்கறதை அடுத்தவங்க தலையில கட்டறது, ஒருத்தர் மேல உள்ள கோவத்தை இன்னொருத்தர் மேல காட்டறது. மொத்தமா தற்காப்புன்னு சொல்வோம்."

"யார்கிட்டேருந்து தற்காப்பு? என் மாதிரி செக்கர்கிட்டேருந்தா?"

"தன்கிட்டேருந்தே. உள்ள 'நான்'னு ஒருத்தன் இருக்கான்ல, அவன் வாட்ச்மேன் மாதிரி. தாங்க முடியாதது எது வந்தாலும் கேட்லயே நிறுத்திடுவான்."

"திருடனை நிறுத்தட்டும். துக்கம் கேக்க வந்தவனையுமா நிறுத்துவான்?"

"அவனுக்கு வித்தியாசம் தெரியாது மாமா. ஆனா அவனைத் திட்டவும் முடியாது. அவன் இல்லன்னா நம்மில் யாரும் பிழைச்சிருக்க மாட்டோம். நீங்க எதுக்கெடுத்தாலும் அளந்து விடறீங்களே, அதுவும் அவன் பார்க்கிற வேலைதான். அம்மா போனப்புறம் உங்களுக்கு ஓவர்டைம்."

நான் டீயைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

"சரி, உங்கப்பா கேட்ல எதை நிறுத்தி வச்சிருக்கார்?"

"அழுகையைத்தான். வேற என்ன?"

அன்றைக்கு இரண்டு பேரும் அப்படித்தான் நினைத்தோம்.

டீக்கடையை விட்டுக் கிளம்பும்போது சொன்னாள். தூரத்தில் ஓர் ஊரில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலாம்.

"அப்பாவை விட்டுட்டா?"

"பக்கத்துலயே இருந்தா அவர் சொல்றதை நானும் நம்பிடுவேன் மாமா. நம்ப ஆரம்பிச்சுட்டேன். அம்மா ஒருநாள் தட்டை வைக்கிறேன்னு மேஜை விளிம்புக்கு வெளியில வச்சுட்டா. கீழ விழுந்து உடைஞ்சுது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பார்த்து வைம்மா'ன்னு சொல்லிட்டு போனைப் பார்க்கப் போயிட்டேன்."

அவள் ஊருக்குப் போவது எனக்குப் பெரிதில்லை. அம்மாவைக் கொன்றது தான்தான் என்ற நினைப்பையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவாள். அங்கே தனி அறையில் தினமும் அதை எடுத்து உடுத்திக்கொள்வாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மூட்டை கட்ட உதவப் போனேன். உதவி என்றால், கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டு அதை இப்படி வை, இதை அப்படி வை என்பது. அம்மாவின் பொருள்களிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். ஒரு சால்வை, ஒரு சீப்பு, கடைசியாகப் போட்டிருந்த மூக்குக் கண்ணாடி. பாப்பாவின் முகம் தொங்கிக் கிடந்தது. சிரிக்க வைக்கலாம் என்று அந்தக் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டிக்கொண்டு, தங்கை குரலில், "அண்ணா, இந்தப் புளுகெல்லாம் எங்க வாங்கறீங்க, கிலோ என்ன விலை?" என்றேன்.

சிரித்தாளா என்று பார்த்தால், இரண்டு பாப்பா. ஒருத்திக்கு மேல் ஒருத்தி. கட்டில் மேல் கட்டில், பெட்டி மேல் பெட்டி. அவ்வளவுதான், நம் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்க வேண்டியதுதான் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றினேன். ஒரே பாப்பா. போட்டேன். இரண்டு.

"பாப்பா, இதுல என்னவோ கோளாறு. போட்டா எல்லாம் மேலயும் கீழயுமா ரெண்டாத் தெரியுது."

அவள் வாங்கித் தானும் போட்டுப் பார்த்தாள். கழற்றி வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸின் ஓரத்தைத் தடவினாள். ஓர் ஓரம் தடிமன், எதிர் ஓரம் மெலிசு. கண்ணாடிக் கடைக்காரர் மகள் அல்லவா, அவளுக்கு அது போதும். கட்டிலில் மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"கோளாறு இல்ல மாமா. இது ரெண்டாத் தெரியறவங்களுக்குப் போடற கண்ணாடி. அவங்களுக்கு ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துக் காட்டும். நாம போட்டா ஒண்ணை ரெண்டாக்கும்."

"உங்கம்மாவுக்கு ரெண்டாத் தெரிஞ்சுதா?"

"என்கிட்ட சொல்லல. தட்டு உடைஞ்சுதே, அதுக்கு அடுத்த வாரம் புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தா. 'இப்ப எல்லாம் சரியாயிடுச்சு'ன்னா." அவள் குரல் இறங்கிப்போனது. "திடீர்னு ரெண்டாத் தெரிஞ்சா அன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பணும். சின்ன வயசுலேருந்து அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். அந்தத் தொழில்ல அது பால பாடம்."

மாப்பிள்ளையின் வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தது எது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மாமா. கேக்காதீங்க. அந்தக் கேட்டை உடைச்சா உள்ள அப்பா மிஞ்சுவாரான்னு தெரியல. பழி என்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வயசிருக்கு."

வயதிருக்கிறதாம். அதைக் கேட்டுவிட்டு எந்த மாமன் சும்மா இருப்பான்? கண்ணாடியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கடையில் ஆள் இல்லை. மாப்பிள்ளை ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். உறையை அவர் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தவர் உடனே மூடினார்.

"இது எங்க கிடைச்சுது?"

"என் தங்கச்சியோடது. போட்டா ரெண்டு ரெண்டாத் தெரியுது மாப்பிள்ளை."

"லென்ஸ் கம்பெனிக்காரன் மாத்தி அனுப்பியிருப்பான். அந்தாளுக்கு எப்பவுமே பொறுப்பு கிடையாது."

"தேய்ச்சது நீங்கதான?"

"மச்சான், எனக்கு வேலை கிடக்கு."

"அவ உங்ககிட்ட ரெண்டாத் தெரியுதுன்னு சொன்னாளா?"

"சொல்லல. அப்படி ஒண்ணும் நடக்கல." குரல் ஏறியது. "சொல்லியிருந்தா சும்மா விட்டிருப்பேனா? தெருவுல போறவனையெல்லாம் டாக்டர்கிட்ட அனுப்பறவன் நான். யாரைப் பார்த்துக் கேக்கறீங்க?"

டிக்கெட் இல்லாதவனிடம் சத்தம் போடக் கூடாது. பக்கத்தில் நின்றால் போதும். நின்றேன். பிறகு, "சரி, சாதாரணக் கண்ணாடிதான? போட்டுக் காட்டுங்க, போயிடறேன்" என்று சொல்லிவிட்டு, கடைக் கோடியில் எழுத்துகள் எழுதிய பலகைக்குக் கீழே போய், இரண்டு கையையும் விமானம் மாதிரி விரித்துக்கொண்டு நின்றேன்.

அவர் போட்டுக்கொண்டார். நேரே என்னைப் பார்த்தார்.

"ஒருத்தர்தான் இருக்கீங்க. போதுமா?"

கிட்டே வந்து பார்த்தேன். லென்ஸுக்குப் பின்னால் இடது கண்ணை இறுக்கி மூடியிருந்தார். சீட்டுக்கு அடியில் ஒளிந்தவனைப் பிடித்திருக்கிறேன், மூட்டைக்குள் ஒளிந்தவனைப் பிடித்திருக்கிறேன். தன் இமைக்குப் பின்னால் ஒளிந்த மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிடிக்க மனசு வரவில்லை.

"விடுங்க மாமா." வாசலில் பாப்பா. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "அப்பா, நாளைக்குக் கிளம்பறேன். சொல்லிட்டுப் போக வந்தேன். மாமா பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. நீங்க சொன்னதுதான் சரி. கூடவே இருந்தும் நான்தான் கவனிக்கல. அம்மா போனது என்னாலதான்."

மூடியிருந்த கண் திறந்தது.

மகளைப் பார்த்தார். பார்வை மேலே போனது, கீழே வந்தது, எங்கே நிற்பது என்று தெரியாமல் மறுபடி மேலே போனது. பிறகு என் பக்கம் திரும்பினார். உதடு கோணிக்கொண்டது. சிரிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மச்சான் தலை மேல மச்சானே நிக்கறார்," என்றார்.

கண் சோதிக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னார்.

"அவ இருக்கும்போது நீங்க கடைசியா வீட்டுக்கு வந்துட்டுப் போனீங்களே, அன்னிக்குக் கதவைச் சாத்திட்டு வந்து சிரிசிரின்னு சிரிச்சா. 'எங்கண்ணன் விடற புளுகு பத்தாதுன்னு இப்போ அவர் தலை மேல அவரே ஏறி நிக்கறாருங்க'ன்னா. நானும் சிரிச்சேன். மறுநாள் கடைக்கு வாடின்னு வரவழைச்சு இந்த நாற்காலியில உக்கார வச்சேன். கண்ணாடியைப் போட்டுவிட்டதும் எல்லாம் ஒண்ணாயிடுச்சு. 'வீட்டுக்காரரே இருக்கும்போது எனக்கு டாக்டர் எதுக்கு'ன்னா." அவர் மகளைத் தேடிக் கையை நீட்டினார். எந்தப் பாப்பா நிஜம் என்று தெரியாமல் அந்தக் கை காற்றில் தடுமாறியது. "எனக்குப் பெருமையா இருந்துதும்மா."

பாப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணாடியைக் கழற்றப் போனாள். அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கழற்றவிடவில்லை. லென்ஸுக்குக் கீழே கன்னமெல்லாம் நனைந்து, கண்ணாடிச் சட்டம் மூக்கில் வழுக்கியது.

"நீ இல்ல. உனக்கு ஒண்ணும் தெரியாது. என்கிட்டதான் சொன்னா. முதல்ல என்கிட்டதான் வந்து சொன்னா. நடந்துது பாப்பா. நடந்துது."